அம்மையும் ஐயமும்

திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ காய்ச்சலும் கொப்புளங்களுமாக ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். ‘அம்மை போட்டிருக்கிறது’ என்பர் வீட்டார். பெரும்பாலும் அது சின்னம்மையே. ஆயினும், 2022 ஜூலை 14 அன்று கேரளத்தின் கொல்லத்தில் இந்தியாவின் முதல் குரங்கம்மை உறுதியானபின், அண்மையில் வெளிநாடு சென்று திரும்பினாரா, கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியுள்ளதா எனவும் மருத்துவர் கேட்டாக வேண்டும்.

கண்ணால் கண்டு முடிவுசெய்ய இயலாது. கொப்புள நீரைப் பஞ்சுக்குச்சியில் ஒற்றியெடுத்து, பொருக்கையும் சேகரித்து, உலர்ந்த குழாய்களில் இட்டுக் குளிர்நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்புவர். குருதியைவிடக் கொப்புளத்திலேயே நச்சுயிரி மிகுதி. பி.சி.ஆர். சோதனை அதன் மரபணுவைத் தேடும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் இத்தகைய ஆய்வுக்குரியது. 1899இல் அது தோன்றியதே பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் தயாரிப்பதற்காகத்தான். பெரியம்மையும் குரங்கம்மையும் ஒரே இன நச்சுயிரிகளால் வருபவை.

முடிவு வரும்வரை பொதுக்கூடத்தில் கிடத்தினால் அடுத்த படுக்கையிலுள்ள குழந்தைக்கும் நோய் தொற்றக்கூடும். எனவே, ஐயம் எழுந்த பொழுதே தனியறை. செவிலியர் கையுறை, மேலங்கி, கண்காப்பு, என்95 முகக்கவசம் அணிவர். படுக்கை விரிப்பை உதறலாகாது. உதிர்ந்த பொருக்கிலும் நச்சுயிரி அழியாதிருக்கும். நோய் உறுதியானால், உடனிருந்தோர் 21 நாள் கண்காணிக்கப்படுவர். பொருக்கு முற்றும் உதிர்ந்து புதுத்தோல் தோன்றும்வரை நோயாளி தனித்திருப்பார்.