மனோராச்சியமும் கருமமும்

பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கின்றது. இரவு எட்டு மணி. மாணாக்கன் ஒருவன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரை நோக்கியிருக்கின்றான். அவன் உள்ளத்திலோ பெறுபேறு வெளிவந்துவிட்டது. பத்திரிகையிலே படம் அச்சாகிவிட்டது. அயலார் வந்து வாழ்த்துகின்றனர். பேராதனையின் மரநிழலிலே அவன் நடந்து செல்கின்றான். அரைமணி நேரத்துள் வைத்தியனாகி மீண்டு வந்து தாயாருக்கு வீடும் கட்டிக் கொடுத்தாயிற்று. விரித்த பக்கம் மாத்திரம் புரளவில்லை. இதனையே மனோராச்சியம் என்பர். அரசனும் தானே, குடியும் தானே, பகைவர் எவரும் இலர். ஆதலின் அவ்விராச்சியத்தை ஆளுதல் மிக எளிது.

மனோராச்சியம் முற்றாக இகழத்தக்கதன்று. குழந்தைப் பருவத்து விளையாட்டே வளர்ந்தோரிடத்துப் பகற்கனவாகத் தொடர்கின்றது என்றும், நிறைவேறாத விருப்பமே அதன் வித்து என்றும் சிக்மண்ட் புரொயிட் 1908 இல் வெளியான கட்டுரையொன்றிற் கூறினார். விருப்பமே இல்லாதவன் கருமத்திற் புகுவதெங்ஙனம்? ஆயினும், விருப்பம் கருமமாகாது கனவளவிலேயே நின்றுவிடுதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இதனை யேர்மனிய உளநூலறிஞராகிய கேபிரியேலே ஒற்றிங்கன் அம்மையார் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். உடற்பருமனைக் குறைக்க முயன்ற பெண்களை ஓராண்டு காலம் அவதானித்து 1991 இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முடிபு பலரை வியப்பித்தது. 'என்னால் இயலும்' என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தனர். மெலிந்த தம் உருவத்தை இனிதே கற்பனை செய்து மகிழ்ந்தவர்களோ குறைவாகவே குறைந்தனர். பல்கலைக்கழகக் கல்வியை முடித்துத் தொழில் தேடிய மாணவரிடத்தும் இதுவே காணப்பட்டது. நல்ல உத்தியோகத்தைப் பற்றி இனிய கனவு மிகக் கண்டவர் குறைவான விண்ணப்பங்களே அனுப்பினர். இரண்டாண்டின் பின்னர் அவர் பெற்ற சம்பளமும் குறைவாகவே இருந்தது.

எதிர்பார்ப்பு வேறு, கற்பனை வேறு என்பதை இங்கே நோக்குக. எதிர்பார்ப்பு முன்னர்ச் செய்து பெற்ற அனுபவத்தின்மேல் நிற்பது. கற்பனைக்கு அத்தகைய கால் இல்லை. அன்றியும், கனவிலே பேற்றை முன்கூட்டியே நுகர்ந்துவிட்ட உள்ளம், வேலை முடிந்தாற்போல இளைப்பாறத் தொடங்குகின்றது. இனிய கற்பனையில் ஈடுபட்டோரின் இரத்த அமுக்கம் தாழ்ந்ததை 2011 இல் வெளிவந்த பரிசோதனைகள் காட்டின. முயற்சிக்கு வேண்டிய ஊக்கம் அவ்வாறே கழிந்துவிடுகின்றது. பரிசளிப்பு விழாக்களிலே 'பெரிதாகக் கனவு காணுங்கள்' என்று சொல்லிவிட்டு மாலையோடு இறங்கிவிடும் பேச்சாளர் இதனைச் சிறிது சிந்திப்பது நன்று.

ஆயின் செய்யத்தக்கது யாது? விருப்பத்தை முதலில் தெளிவாக எண்ணுக. உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையை, சிறப்பாகத் தன்னகத்தேயுள்ள தடையை, எண்ணுக என்பர் ஒற்றிங்கன் அம்மையார். இரண்டையும் எதிரெதிரே வைக்கும்போது, தடை கடக்கத்தக்கதாயின் ஊக்கம் பெருகும்; கடக்க இயலாததாயின் அவ்விருப்பத்தை விட்டு வேறொன்றை நாட மனம் துணியும். விடுதலும் ஒரு பயனே.

தடையைக் கண்டபின் வேண்டுவது காலமும் இடமும் குறித்த தீர்மானம். அம்மையாரின் கணவரும் உளநூலறிஞருமாகிய பீற்றர் கொல்விட்சர் இதனை ஆராய்ந்தவர். நத்தார் முன்னிரவை எவ்வாறு கழித்தனர் என்பதை அடுத்த இரண்டு நாட்களுள் எழுதியனுப்புமாறு மாணவர்கள் கேட்கப்பட்டனர். எப்பொழுது, எவ்விடத்திருந்து எழுதுவேன் என்று முன்னரே குறித்துக்கொண்டவருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் எழுதியனுப்பினர். அவ்வாறு குறியாதவருள் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர். இவ்வாய்வு 1997 இல் வெளியாயிற்று. 'இன்னது நேரும்போது இன்னது செய்வேன்' என்று கட்டிவைத்தால், அந்நேரம் வந்ததும் அதுவே செயலை நினைவூட்டுகின்றது. ஒவ்வொரு முறையும் மனத்தோடு வழக்காட வேண்டுவதில்லை. ஆனால் ஒரே காலத்திற் பல நோக்கங்களுக்கு இவ்வாறு திட்டம் வகுத்தால் பயன் குன்றிவிடும் என்பதும் பின்னர் அறியப்பட்டது.

உளநூல் பிறர்பால் அளந்து காட்டிய இதனை யாழ்ப்பாணத்தார் தம் வரலாற்றிலேயே காணலாம். சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே கல்வி பெறவேண்டும் என்று ஆசைப்பட்டோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பலர் இருந்திருப்பர். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தொடங்கியதும் தடை எதிர்ப்பட்டது: பிள்ளைகள் கையிற் கொடுத்தற்கேற்ற அச்சுப் புத்தகங்கள் இல்லை. புத்தகம் வேண்டுமாயின் அச்சியந்திரம் வேண்டும்; அச்சியந்திரம் வேண்டுமாயின் கடல் கடக்கவேண்டும். மறு ஆண்டே, 1849 இல், அவர் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்னும் பட்டத்தை அளித்ததும் அப்பயணத்திலேதான். பட்டத்தையே பெரிதாகப் பேசுவார் பலர். அச்சியந்திரத்தை மரக்கலத்தில் ஏற்றி இறக்கிய பாட்டைப் பேசுவார் சிலரே. வண்ணார்பண்ணையில் நிறுவப்பட்ட வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. அவற்றைப் பல தலைமுறைப் பிள்ளைகள் படித்தனர்.

முற்கூறிய மாணாக்கனும் ஒன்றுஞ் செய்யாதிருந்தவனல்லன். நான்கு நிற மையால் நேரசூசி எழுதிச் சுவரிலே ஒட்டியிருக்கின்றான். அது மூன்றாவது நேரசூசி. நேரசூசி எழுதுதலும் சிலவேளை மனோராச்சியத்தின் ஒரு மாகாணமே. நாள் முழுவதையும் நிரப்பிய அத்தாளிலே அவனுடைய தடைக்கு ஓர் இடமும் இல்லை. அவனைத் தடுப்பது கணிதத்திலே விளங்காத ஒரே அதிகாரம். அதனை ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். 'நாளை இடைவேளை மணி அடித்ததும், அப்பியாசக் கொப்பியோடு ஆசிரியர் அறை வாயிலுக்குப் போவேன்' என்று ஒரு வரி எழுதினாற் போதும். அந்த வாயிலிலே வந்து நிற்பவனை, 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்டுத் திருப்பியனுப்பாதிருத்தல் ஆசிரியர் கையிலுள்ளது.