மேட்டில் விழும் மழை, பள்ளத்தில் பூக்கும் உப்பு

முதலில் புல் மெலியும். நல்ல புல் போன இடத்தில் உப்பைத் தாங்கும் சொரசொரப்பான புல் தலைகாட்டும். சில ஆண்டுகளில் அதுவும் போய்விடும். கோடையில் வந்து பார்த்தால் தரையில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் படலம். ஆடுகள் கூட்டமாக வந்து அதை நக்கும். அவற்றின் குளம்பு பட்டு மிச்சமிருக்கும் மேல்மண்ணும் பொடியாகும். ஓரத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மேய்ச்சல் பண்ணைகளில் 1980-களில் பலரும் பார்த்துப் பயந்த காட்சி இது.

கடல் பக்கத்தில் இல்லை. பாசனமும் கிடையாது. பிறகு உப்பு எங்கிருந்து வந்தது?

மழையிலிருந்துதான். கடற்காற்று சுமந்துவரும் துளி உப்பு மழையோடு இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்கடியில் சேர்ந்துகொண்டே இருந்தது. மேலே நின்ற காட்டு மரங்கள் ஆழமாக வேர்விட்டு, பெய்த மழையில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். கீழே இறங்கும் நீர் மிகக் குறைவு. உப்பு தன்பாட்டுக்குக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் காட்டை அழித்துக் கோதுமையும் ஆண்டுப் புற்களும் விதைத்தார்கள். அவற்றின் வேர் ஆழம் போகாது. கோடையில் அவை உயிரோடு இருப்பதும் இல்லை. குடிக்க ஆளில்லாத நீர் கீழே இறங்கியது, நிலத்தடி நீர்மட்டம் மெல்ல மெல்ல ஏறியது, வரும் வழியில் உறங்கிக் கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தது. தரைக்கு ஓரிரு மீட்டர் கீழே அது வந்துவிட்டால் போதும். மண்ணே திரிபோல அதை உறிஞ்சி மேலே இழுக்கும். வெயில் நீரைக் கொண்டுபோகும், உப்பு தங்கிவிடும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. நீர் இறங்குவது மேட்டில், பாறைப் பிளவுகள் நிறைந்த குன்றில். உப்பு பூப்பதோ பள்ளத்தில். மேடு ஒருவர் பண்ணை, பள்ளம் இன்னொருவர் பண்ணை. பள்ளத்துக்காரர் தன் நிலத்தில் என்ன பாடுபட்டாலும் பலன் கொஞ்சம்தான். மருந்து மேட்டுக்காரர் நிலத்தில் போடப்பட வேண்டும். அவருக்கோ ஒரு குறையும் இல்லை. அவர் ஏன் தன் மேய்ச்சல் நிலத்தை அடைத்து மரம் நட வேண்டும்?

முயலும் இப்படித்தான். 1859-இல் வேட்டை விளையாட்டுக்காக விக்டோரியாவில் விடப்பட்ட சில முயல்கள் கண்டத்தின் பெரும்பகுதியில் பெருகிய கதை பலருக்கும் தெரியும். ஒருவர் தன் நிலத்து வளைகளை டிராக்டரால் கிழித்து மூடுவார். பக்கத்துக்காரர் சும்மா இருந்தால், அடுத்த பருவத்திலேயே வேலி தாண்டிக் குடிவந்துவிடும்.

1983 பிப்ரவரி 8. விக்டோரியாவின் மாலீ பகுதி வறண்ட நிலங்களிலிருந்து கிளம்பிய புழுதிப் புயல் பிற்பகலில் மெல்போர்ன் நகரை மூடியது. பட்டப்பகலில் இருட்டு. ஏறத்தாழ 50,000 டன் மேல்மண் அன்று பறந்துபோனதாகக் கணக்கு. அதுவரை கிராமத்தில் மட்டும் இருந்த பிரச்சினை நகரத்து ஜன்னல் கம்பியில் தூசியாக வந்து படிந்தது.

மூன்றாண்டுகள் கழித்து இரண்டு பெண்கள் கைகோத்தார்கள். ஒருவர் ஜோன் கர்னர்: மெல்போர்ன்காரர், தொழிற்கட்சி அமைச்சர், மாநிலத்தின் நிலம், காடு, இயற்கைப் பாதுகாப்புத் துறை அவர் கையில் இருந்தது. மற்றவர் ஹெதர் மிட்செல்: மாலீ பகுதிப் பண்ணைக்காரர், விக்டோரியா விவசாயிகள் கூட்டமைப்பின் தலைவர். அரசியலில் இருவரும் எதிரெதிர்க் கரை. 1986 நவம்பர் 25 அன்று செயின்ட் ஆர்னாட் அருகே வின்ஜல்லாக் என்ற சிற்றூரில், 'லேண்ட்கேர்' என்ற பெயரில் முதல் குழு தொடங்கியது. வேலியை மறந்துவிட்டு, ஒரே மழைநீர் வடியும் பரப்பில் இருக்கும் பண்ணைகள் ஒரு குழுவாகச் சேர வேண்டும்; என்ன செய்வது என்பதை அவர்களே முடிவெடுக்க வேண்டும்; அரசு ஆலோசனையும் ஓரளவு பணமும் தரும். திட்டம் அவ்வளவுதான்.

இதே காலத்தில் விக்டோரியாவின் ஹாமில்டன் நகரைச் சுற்றி 15 பண்ணைகளில் 'பாட்டர் பண்ணைத் திட்டம்' நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ கேம்பெல். அவர் கையாண்ட கருவி சாதாரணமானது. பண்ணையை வானிலிருந்து எடுத்த படம் ஒன்று. அதன்மேல் விரிக்கக் கண்ணாடித் தாள்கள். ஒரு தாளில் மண்வகை, இன்னொன்றில் ஓடையும் சரிவும், மூன்றாவதில் இப்போதுள்ள வேலி. மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: தாத்தா காலத்து வேலிகள் அளவுகோல் வைத்ததுபோல நேராகப் போகும், நிலமோ வளைந்து நெளிந்து கிடக்கும். ஒரே வேலிக்குள் கால்பங்கு பாறை மேடு, கால்பங்கு சதுப்பு. ஆடுகள் பிடித்த இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டும். நிலத்தின் போக்குக்கு வேலியை மாற்றிப் போட்டால்தான் மேய்ச்சலை ஆள முடியும்.

மேய்ச்சலை ஆள்வது என்றால் புல்லுக்கு ஓய்வு கொடுப்பது. இலைதான் புல்லின் அடுப்படி. பாதி இலையைக் கடித்தால் மீதியை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஒட்டக் கடித்துவிட்டால் வேர் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சேமிப்பைச் செலவழித்துத் துளிர்க்கும். அந்தத் துளிரையும் மறுவாரம் கடித்தால் செடி செத்துப்போகும். அதனால் நிலத்தைப் பல தடுப்புகளாகப் பிரித்து, மந்தையை ஒன்றில் சில நாள் மேய்த்துவிட்டு, மற்றவற்றை வாரக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். தரையில் குறைந்தது 70 சதவீதம் புல்லோ சருகோ மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குக் கீழே போனால் மழை மண்ணை அள்ளிக்கொண்டு போகும். காங்கேயத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கிளுவை முள்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல், காடு மாற்றிக் காடு மேய்ச்சல் என்று அங்கும் நடப்பது இதுதான்.

1989 ஜூலையில் பிரதமர் பாப் ஹாக், மர்ரே ஆறும் டார்லிங் ஆறும் கூடும் வென்ட்வொர்த் ஊரில் நின்று, அடுத்த பத்தாண்டு லேண்ட்கேர் பத்தாண்டு என்று அறிவித்தார். ஒதுக்கிய தொகை 32 கோடி டாலர். தேசிய விவசாயிகள் கூட்டமைப்பின் ரிக் ஃபார்லியும், ஆஸ்திரேலிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஃபிலிப் டாய்னும் சேர்ந்து கேட்டதால் நடந்தது அது. மரம் வெட்டுவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரு தரப்பு ஒரே மனுவோடு வந்து நின்றால் எந்தப் பிரதமரும் கொஞ்சம் யோசிப்பார். 1990-களின் கடைசியில் குழுக்கள் 4,000-ஐத் தாண்டிவிட்டன.

அப்படியானால் உப்பு ஒழிந்ததா? நேர்மையாகச் சொன்னால், பல இடங்களில் உப்பைப் பின்வாங்க வைத்தது மரம் நட்டவர்களைவிட வறட்சிதான். 1990-களின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீடித்த பெருவறட்சியில் நீர்மட்டம் தானாகவே இறங்கியது. 2050-க்குள் 1.7 கோடி ஹெக்டேர் உப்பு அபாயத்தில் சிக்கலாம் என்று முன்பு போட்ட கணக்கைப் பலர் இன்று சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பணமும் நிலையாக வரவில்லை. 1997-இல் டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனத்தின் பங்குகளை விற்ற பணத்தில் பெரிய நிதி ஒன்று வந்தது. பிறகு நிதி வட்டார அமைப்புகள் வழியாகப் போகத் தொடங்கியதும் சிறு குழுக்கள் ஓரங்கட்டப்பட்டதாக முணுமுணுத்தன. கன்று நடக் குழி தோண்டும் கையால் விண்ணப்பப் படிவம் நிரப்புவது யாருக்குத்தான் பிடிக்கும்?

தலைநகர் கான்பெராவுக்குக் கிழக்கே முலூன் ஓடைக்குப் போனால் கதை தலைகீழ். வின்ஜல்லாக் பக்கம் நீர்மட்டத்தை இறக்கப் பாடுபட்டார்கள். இங்கே ஏற்றப் பாடுபடுகிறார்கள். ஒரு காலத்தில் நாணல் சூழ்ந்த குட்டைகளின் சங்கிலியாக இருந்த ஓடை, மாடுகள் மிதித்தும் கரை அறுந்தும் ஆழமான வாய்க்காலாகிவிட்டது. மழை வந்த வேகத்திலேயே ஓடிவிடும், இருபக்கச் சமவெளியும் காயும். டோனி கூட் என்பவரின் பண்ணையில் 2006-இல், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற பண்ணைக்காரர் சொன்ன வழியில் கல்லும் மரத்தண்டும் போட்டு 'கசியும் அணைகள்' கட்டினார்கள். நீரை அடைப்பது நோக்கமல்ல, நிதானப்படுத்துவதுதான். தேங்கிய நீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் இறங்குகிறது. அணையைச் சுற்றி நாணல் முளைத்து அதைக் கட்டிப் பிடிக்கிறது. இப்போது அந்த ஓடையின் பல பண்ணைக்காரர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். ஓரிடத்து மருந்து இன்னோரிடத்தில் நஞ்சாகலாம் என்பதால்தான், தலைநகரில் எழுதிய ஒரே திட்டத்தைவிட ஓடையோரத்துக் குழுவின் பேச்சுக்கு மதிப்பு.

காங்கேயத்துக் கொழுக்கட்டைப் புல்லே இதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவில் அதன் பெயர் பஃபல் புல். ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலோடு வந்தது என்பார்கள். குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணையாளர்களுக்கு அது வரப்பிரசாதம். வறட்சி தாங்கும், மாடு விரும்பித் தின்னும். நடுப்பாலைவனத்திலோ அது உள்ளூர்ப் புற்களை நெருக்கித் தள்ளிவிட்டு, காய்ந்ததும் கடுந்தீக்கு விறகாகிறது. 2015-இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் அதைக் களை என்றே அறிவித்தது. நடுப்பாலைவன நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தன்னார்வலர்கள் கூடி, கடப்பாறையும் மண்வெட்டியுமாக அதைத் தூரோடு தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.