எந்த அணியிலும் சேராத ஜாஸ் விமர்சகர்

"பாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள், சரி. அதில் அரசியல் எதற்கு சார்?" என்று இசைப் பத்தி எழுதும் என்னிடம் அவ்வப்போது யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு நான் நாட் ஹென்டாஃபைப் பற்றிச் சொல்வதுண்டு.

பாஸ்டனில் 1925இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் விமர்சகர், பேச்சுரிமைக்காக ஓயாமல் சண்டை போட்டவர். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் 1958 தொடங்கி 50 ஆண்டுகள் எழுதினார். பன்னிரண்டு வயதில், யூதர்கள் பட்டினி கிடந்து தொழும் யோம் கிப்பூர் நாளில், தொழுகைக்குப் போகிறவர்கள் கண்ணில் படும்படி வீட்டு வாசலில் உட்கார்ந்து சலாமி சாண்ட்விச் சாப்பிட்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஊர் பகையைச் சம்பாதிக்கும் அந்தக் குணம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

ஜாஸில் எழுதிவைத்த மெட்டு ஒரு தொடக்கம்தான். அதன்பின் ஒவ்வொரு கலைஞரும் அந்த நேரத்து மனோதர்மத்தில் வாசிப்பதுதான் கச்சேரி. யார் வாசிக்கிறார் என்பதை இரண்டு ஸ்வரத்திலேயே சொல்லிவிடலாம். ஹென்டாஃப் தேடியது அந்தத் தனிக் குரலைத்தான். அதனால் அந்தக் குரலை அடக்குகிறவர்கள்மீது அவருக்குக் கோபம் வந்தது. இதற்குமேல் அவருடைய அரசியலுக்கு விளக்கம் தேவையில்லை என்பது என் கட்சி.

1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நேரலை. கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஹென்டாஃபும் இன்னொரு ஜாஸ் விமர்சகரான விட்னி பாலியட்டும். போதைப்பொருள் வழக்கில் சிறை சென்ற பாடகி பில்லி ஹாலிடேயை ஞாயிற்றுக்கிழமை வீடுகளுக்குள் கொண்டுவரக் கூடாது என்று விளம்பரதாரர் தரப்பிலிருந்து சீட்டு வந்ததாம். அவர் இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று நிகழ்ச்சிக் குழு சொல்லிவிட்டது. இது ஹென்டாஃப் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை.

அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. உயரமான ஸ்டூலில் பில்லி. சுற்றிலும் வாத்தியக்காரர்கள். உடல் தளர்ந்திருந்த லெஸ்டர் யங் எழுந்து சாக்ஸபோனில் ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். வேகமில்லை, வித்தை காட்டவில்லை. பில்லி தலையை ஆட்டிக்கொண்டே அவரைப் பார்க்கிறார், முகம் மலர்கிறது. 1959இல் நான்கு மாத இடைவெளியில் இருவரும் போய்விட்டார்கள்.

அதே 1957இல்தான் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளிக்குள் 9 கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்க ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். இதனால் கொதித்த ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், ஃபாபஸைக் கிண்டல் செய்து ஒரு உருப்படி அமைத்தார். கொலம்பியா நிறுவனத்தின் 1959 ஆல்பத்தில் அது வார்த்தையில்லாமல் வெறும் வாத்திய இசையாகத்தான் வந்தது. 1960இல் கேண்டிட் என்ற சிறு நிறுவனத்தில் வார்த்தைகளோடு பதிவானது. கேண்டிடில் பதிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹென்டாஃப்!

அதே ஆண்டு, அதே கேண்டிடில், டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சின் 'வி இன்சிஸ்ட்!' ஆல்பம் பதிவானது. அட்டைப் படத்தில் ஓர் உணவகத்தின் கவுன்ட்டரில் மூன்று கறுப்பின ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் வெள்ளைக்காரச் சிப்பந்தி நிற்கிறார். அந்த பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான அப்படி ஒரு கவுன்ட்டரில் உட்கார்ந்து எழ மறுத்தது நாடெங்கும் பரவிய சமயம். ஆல்பத்தின் நடுவில் ஒரு பாட்டு, அதில் டிரம்ஸும் பாடகி ஆபி லிங்கனின் குரலும் மட்டும். பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. முனகலாகத் தொடங்கி நடுவில் அலறலாகிறது, அதுவும் சில நொடியில் முடிகிற அலறல் அல்ல. இதெல்லாம் இசையா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு இது இசைதான். ரோச்சின் கை தாளத்தை விடாமல் பிடித்திருப்பதால்தான் அந்த அலறல் அவ்வளவு தூரம் போக முடிகிறது.

இதுவரை படித்தவர்கள் ஹென்டாஃபை அக்மார்க் இடதுசாரி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். இடதுசாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் யூத இன அழிப்பிலிருந்து தப்பியவர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக 1977இல் நாஜிக் கும்பல் அனுமதி கேட்டபோது, அவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு என்றார் இந்த யூதர். 1980களில் கருக்கலைப்பை எதிர்த்து எழுதினார். உடன் வேலை பார்த்த சிலர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். 2003இல் இராக் படையெடுப்பை ஆதரித்தார். அதே கையால் புஷ் அரசின் கண்காணிப்புச் சட்டத்தையும் கிழித்துத் தொங்கவிட்டார்.

இராக் விஷயத்தில் அவர் சொன்னது எனக்கு இன்றும் செரிக்கவில்லை. அவருடைய சட்டக் கட்டுரைகள் சில வக்கீல் நோட்டீஸ்போல இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் பற்றி எழுதும்போது மட்டும் நடை துள்ளும்.

2004இல் அமெரிக்க அரசின் கலை நிறுவனம் 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவத்தை இசைக் கலைஞர் அல்லாத ஒருவருக்கு முதன்முறையாக வழங்கியபோது, அது இவருக்குத்தான் கிடைத்தது. 2008 கடைசியில் 'வில்லேஜ் வாய்ஸ்' ஆட்குறைப்பு செய்து இவரை அனுப்பியது. அதற்குப் பிறகும் எழுதினார். 2017 ஜனவரியில் 91 வயதில் காலமானார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்றால், பில்லியும் லெஸ்டரும் சேர்ந்த அந்த 1957 பதிவைச் சொல்வேன். ஜாஸ் தெரியாதவர்களுக்கும் பிடிக்கும். ஆபி லிங்கனின் அலறலைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சத்தமாக வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிடுவார்.