பவளக்கொடி (இசை நாடகம்)

பவளக்கொடி என்பது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய தமிழ் இசை நாடகங்களுள் ஒன்றாகும். ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய குழுக்களால் தமிழகமெங்கும் மேடையேற்றப்பட்ட இந்நாடகம், திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதர் திரையுலகில் நுழையக் காரணமாக அமைந்தது.

கதை

இக்கதை வியாசரின் மகாபாரதத்தில் இல்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் பவளக்கொடி மாலை என்னும் நாட்டார் கதைப்பாடலைத் தழுவியது. அருச்சுனனுக்கும் மதுரை அரசி அல்லிக்கும் பிறந்த புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். பவளம் தேடிச் செல்லும் அருச்சுனன் பவளக்கொடியைக் கண்டு காதல் கொண்டு மணம் புரிகிறான். பிற்பகுதியில் அல்லியின் சினமும் கண்ணனின் சூழ்ச்சிகளும் இடம்பெறுகின்றன. காதல், சக்களத்திப் பூசல், நகைச்சுவை ஆகியவை கலந்திருப்பதால் பாடலுக்கும் சொல்வாதத்திற்கும் இக்கதை நன்கு இடமளிக்கிறது.

நாடக அமைப்பு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுப்பயணம் செய்த பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலைகளும் ஆர்மோனியமும் தமிழ் மேடையிலும் பரவின. தொடர்வண்டிப் பாதைகள் குழுக்களின் பயணத்தை எளிதாக்கின. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசை வரை எட்டும் குரல் நடிகருக்கு இன்றியமையாததாக இருந்தது.

தலைமை ஆண் வேடம் ராஜபார்ட் எனவும், பெண் வேடம் ஸ்திரீபார்ட் எனவும் அழைக்கப்பட்டன. பபூன் நகைச்சுவைக்குப் பொறுப்பானவர். வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடி நடிப்பது ஸ்பெஷல் நாடகம் எனப்படும். பாடல்களையும் கதைப்போக்கையும் அனைவரும் முன்னரே அறிந்திருப்பதாலேயே இது இயலுகிறது. எனினும் எதிரில் நிற்பவர் எழுப்பும் தருக்கத்திற்கு அங்கேயே விடை கூற வேண்டும். தவறினால் அவையோர் முன் மதிப்பிழக்க நேரிடும்.

திருச்சிராப்பள்ளித் தொடர்பு

திருச்சிராப்பள்ளியில் எஃப். ஜி. நடேச ஐயர் நிறுவிய ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் சிறுவன் லோகிதாசனாகத் தியாகராஜ பாகவதர் நடித்தார். பின்னர் பவளக்கொடியில் அருச்சுனனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். எஸ். டி. சுப்புலட்சுமி இவருடன் நடித்தார்.

திரைப்படம்

இவ்விணையின் மேடை வெற்றியே 1934இல் வெளியான பவளக்கொடி திரைப்படத்திற்கு வழிவகுத்தது. கே. சுப்பிரமணியம் இயக்கிய முதல் படம் இதுவாகும். பாடல்களைப் பாபநாசம் சிவன் எழுதினார். ஏறத்தாழ 50 பாடல்கள் இடம்பெற்ற இப்படம் மேடை மரபையே பெரிதும் பின்பற்றியது. 1949இல் டி. ஆர். மகாலிங்கம், டி. ஆர். ராஜகுமாரி நடிப்பில் இக்கதை மீண்டும் படமாக்கப்பட்டது.

தாக்கம்

பேசும்படம் நாடக நடிகர்கள் பலருக்குப் புகழ் தந்தது. அதே வேளையில் நாடகக் குழுக்களின் பார்வையாளர்களையும் முன்னணிப் பாடகர்களையும் ஈர்த்துக்கொண்டது. நிலையான குழுக்கள் பெரும்பாலும் கலைந்தன. ஆயினும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இசை நாடகங்கள் இன்றும் இரவு முழுவதும் நடைபெறுகின்றன. திரைப்படத்தில் ஒருமுறை பதிவான உரையாடல் மாறுவதில்லை; மேடையிலோ அல்லியின் வாதம் ஒவ்வோர் இரவும் புதிதாக அமைகிறது. அச்சிட்ட நூல் மட்டுமே எஞ்சினால் இந்நாடகத்தின் இப்பகுதி மறைந்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.