கடிகாரம் மாட்டினால் பாட்டு இனிக்குமா? தெரியுமா உங்களுக்கு?

சுவரில் உள்ள பிளக்கில் ஒரு கடிகாரத்தைச் செருகி வைத்தால் ஸ்டீரியோ செட்டில் பாட்டு இனிமையாகக் கேட்கும் என்று சொல்லி விற்றார்கள், தெரியுமா? 1990ஐ ஒட்டி அமெரிக்காவில் டைஸ் என்ற நிறுவனம் விற்ற அந்தக் கடிகாரத்தின் விலை 350 டாலர்! பார்க்கச் சாதாரண டிஜிட்டல் கடிகாரம்தான். அதற்கு ஏதோ தனிப் பக்குவம் செய்திருப்பதாகவும், அது இருந்தாலே வீட்டு மின்சாரம் சீராகிவிடும் என்றும் சொன்னார்கள். வாங்கியவர்களில் பலர் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த விஷயத்தின் பெரிய ஆச்சரியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பச்சை மை கதை தெரியுமா? அதே காலத்தில், சி.டி.யின் விளிம்பைச் சுற்றிப் பச்சைப் பேனாவால் தீட்டினால் ஓசை தெளியும் என்ற நம்பிக்கை பரவியது. சிதறும் லேசர் ஒளியைப் பச்சை நிறம் உறிஞ்சிவிடுமாம்! சி.டி.யைப் படிக்கும் லேசரோ 780 நானோமீட்டர். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அதை உறிஞ்சும் என்பதற்கு என்ன உறுதி? அது படிப்பது வெறும் ஒன்றும் பூஜ்யமும். கீறல் விழுந்து சில எண்கள் தொலைந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

அதிகப் பணம் கரைவது ஒயரில்தான். 2008இல் டெனான் நிறுவனம் ஒன்றரை மீட்டர் நெட்வொர்க் கேபிள் ஒன்றை 499 டாலருக்கு விற்றது. எந்தப் பக்கம் சிக்னல் போக வேண்டும் என்று அதில் அம்புக்குறி வேறு! அதற்கு முந்தைய ஆண்டு, 7,250 டாலர் விலையுள்ள பேர் நிறுவனத்தின் ஸ்பீக்கர் கேபிளுக்கும் சாதாரணக் கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை.

நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ உள்ள ஒரு ஃபிளாட்டின் ஹாலில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியன் வாங்கச் சொல்லும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரே போதும். போக வரப் பத்து மீட்டருக்கு அதன் மின்தடை சுமார் 0.07 ஓம், ஸ்பீக்கரின் 8 ஓமில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஓசையில் விழும் குறைவு 0.1 டெசிபெலை எட்டாது. இதை எந்தக் காதும் பிடிக்காது! ஒயர் மெலிந்து நீளம் கூடினால் மட்டும் விவகாரம் வரும். ஆக, தடிமனுக்குக் காசு கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, விலை கூடிய பவர் கார்டு, அதாவது பிளக்கிலிருந்து செட்டுக்கு வரும் ஒயர். கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் நெய்வேலி அனல்மின் நிலையத்திலும் பிறக்கும் மின்சாரம், பல கிலோமீட்டர் அலுமினியக் கம்பியில் ஓடி, துணைமின் நிலையங்களில் இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித்தான் தாம்பரத்தில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. தாம்பரத்துக்கு 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. இன்று தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட்! பாதையோரம் குடியிருப்பவரிடம் ‘உங்க லைன் சுத்தமில்ல சார், இந்த பவர் கார்டைப் போடுங்க’ என்றால் நம்பத்தான் தோன்றும். ஆனால் இத்தனை தூரம் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒரு மீட்டர் கயிறு எப்படிப் புடம் போடும்? ஆம்ப்ளிஃபையர் செய்யும் முதல் வேலையே, வந்த மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி, கெபாசிட்டரில் தேக்கிச் சமப்படுத்துவதுதான்.

மின்சாரத்தால் வரும் உண்மையான தொல்லை ஒன்று உண்டு. பாட்டு நின்றதும் ‘உம்ம்’ என்று ஒரு இரைச்சல் கேட்கிறதா? டிவி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொரு பிளக்கிலும் இருந்து, எர்த் இரண்டு வழியாகச் சுற்றிக்கொண்டால் இப்படி வரும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு அடங்கிவிடும். எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்து ஞாபகம் இருக்கிறதா? செட்டின் உச்ச சக்தி என்று ‘3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ எனப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். வீட்டில் உள்ள 6 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் தாங்குவதே 1,380 வாட்தான்! நம்மூர் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் 4440 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. ஒரு சேனலுக்குக் கொடுப்பது வெறும் 6 வாட். அந்த ஆறிலேயே ஒரு ஹால் நிறைந்துவிடும்.

சரி, வித்தியாசம் கேட்டது என்றவர்களுக்கு என்னதான் கேட்டது? 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் எழுதியதைப் பாருங்கள். ‘க’ என்று சொல்லும் வாயைப் படத்தில் காட்டி, ‘ப’ என்ற ஒலியை ஓடவிட்டார்கள். பார்த்தவர்களுக்குக் கேட்டதோ ‘ட’! கண் பார்ப்பது காதில் விழுவதையே மாற்றிவிடுகிறது. விலைச்சீட்டைப் பார்த்த கண்ணும் அதைத்தான் செய்கிறது. அதோடு, இரண்டில் ஒன்று இம்மி சத்தம் கூடுதலாக இருந்தாலே போதும், அதுதான் நல்ல செட் என்று தோன்றிவிடும்.

2007இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. உயர்தர ஒலிப்பதிவை அப்படியே ஒருமுறையும், சி.டி. தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறையில் சரியான விடை 276. காசு சுண்டிப் போட்டாலும் இதே பாதிதான்! அடுத்து 2022இல் ஒரு வெடி. கணினி தொடாத சுத்த அனலாக் என்று ரசிகர்கள் நம்பி உருகிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் பலவற்றில், 2011 முதலே இடையில் டிஜிட்டல் படி இருந்தது வெளியே வந்தது. அத்தனை ஆண்டுகள் எந்தக் காதும் காட்டிக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, கைவைத்தியம் எல்லாமே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! மிருதங்கத்தின் வலந்தலையில் கருப்பாக ஒரு கரணை இருக்கிறதே, அதைவிடப் பெரிய கைவைத்தியம் உண்டா? தோலின் நடுவே கனம் ஏற்றியதும், வெறும் ‘தொப்’ என்ற சத்தம் சுருதி சேர்ந்த நாதமாகிவிடுகிறது. மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் 1920இல் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பின்னர் தோல்மீது மணல் தூவி, அதிராத இடங்களில் மணல் கோடுகளாக ஒதுங்குவதைப் படம் பிடித்தும் காட்டினார். கேட்டவர் சொன்னதை மணலும் சொன்னது. அதுவல்லவா அத்தாட்சி!

மண்பானை ஸ்பீக்கர் தெரியுமல்லவா? பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டி, ‘பாஸ் பாரு’ என்று பெருமைப்படும் நம் பையன்களைப் பலர் கேலி செய்ததுண்டு. இயற்பியல் பையன்கள் பக்கம்! ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் கலந்தால், தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பானை பின்பக்கத்தை அடைத்து அதைத் தடுக்கிறது. வளைந்த மண்சுவர் மெல்லிய பிளைவுட் போல அதிராது. ஒரு துளை போட்டால், மானாமதுரை கடத்தின் வாயிலிருந்து ‘கும்’ என்று வரும் அதே ஒத்ததிர்வு பிறக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கிட்டுச் சொன்னது இதைத்தான். எல்லாப் பானையும் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. உள்ளிருக்கும் காற்றின் அளவு ஸ்பீக்கரோடு பொருந்த வேண்டும். அதற்கான கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வகுத்தார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் கடலோர ஈரப்பதத்தில் அது உதிர்ந்து போயிருக்கும். வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் செத்த ஸ்பீக்கர் எழுந்து உட்காரும். கனத்த திரைச்சீலையும், ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வைப்பதும் எந்தத் தங்க முலாம் பிளக்கையும்விட அதிகம் மாற்றும்.

விலை கூடிய எதையும் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். சத்த அளவைச் சமமாக வையுங்கள். நீங்கள் பார்க்காதபடி நண்பர் ஒருவர் காசு சுண்டி, பழையதையோ புதியதையோ மாட்டட்டும். பத்து முறை சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். அத்தனை வந்தால் தாராளமாக வாங்குங்கள். இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் சம்மதிக்கவில்லையா? பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.