பூஜ்யம் டிகிரியில் ஈஸ்ட் என்ன செய்கிறது?

1553-இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஒரு தடை போட்டார்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சியது அடிக்கடி புளித்துப்போனது. நுண்ணுயிர் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. குளிர்காலத்தில் காய்ச்சி நிலவறையில் மாதக்கணக்கில் வைத்த பீர் தெளிந்து, மென்மையாகி வருகிறது என்பது மட்டும் அனுபவத்தில் தெரிந்திருந்தது. பின்னாளில் மியூனிக் ஆலைக்காரர்கள் ஆழமான நிலவறைகள் தோண்டி, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியால் நிரப்பினார்கள். மேலே வெயில் படாதிருக்கக் குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் மேசை போட்டு விற்கத் தொடங்கியதில் பிறந்தவைதான் இன்றைய பீர் தோட்டங்கள்.

இவ்வளவு பாடும் ஒரு ஈஸ்ட்டுக்காக. இப்படிக் குளிரில் முதிரும் லாகர் பீரின் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் ஏல் பீருக்கும் பயன்படும் சாதாரண ஈஸ்ட். மற்றொன்றை 2011-இல்தான் அடையாளம் கண்டார்கள்; அர்ஜென்டினாவின் படகோனியாவில், நோத்தோஃபேகஸ் மரங்களில் வாழும் குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட் அது. ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் தேவை. லாகர் ஈஸ்ட்டோ 10 டிகிரியிலும் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கும். அந்தக் குளிரில் பழவாசனை தரும் எஸ்டர்கள் குறைவாகவே உருவாகின்றன. லாகரின் சுத்தமான சுவைக்கு அடிப்படை இதுதான்.

குளிர் முதிர்விப்பு என்றதும் நொதித்தல் முடிந்த கையோடு பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு நடப்பது இங்கேதான். ஈஸ்ட் வளரும்போது ஒரு வேதிப்பொருளைச் செல்லுக்கு வெளியே கசியவிடுகிறது. அது மெல்ல மெல்ல டயசெடைலாக மாறும். வெண்ணெய் வாசனை, பத்து லிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தாலே பலருக்கு மூக்கில் தட்டும். ஈஸ்ட் அந்த டயசெடைலை மறுபடி உள்ளிழுத்து வாசனையற்றதாக்கிவிடும். ஆனால் இந்த இரண்டு மாற்றமும் குளிரில் மிக மந்தம். அதனால் நொதித்தல் முடியும் தறுவாயில் 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு மூடிய குப்பிகளில் கொஞ்சம் பீர் எடுத்து, ஒன்றை மட்டும் 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் வைத்து, ஆறியபின் இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் வாசனை அடித்தால் ஈஸ்ட்டின் வேலை பாக்கி இருக்கிறது.

அதன்பின் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்கி, 0 முதல் 2 டிகிரியில் நான்கு முதல் எட்டு வாரம். ஈஸ்ட் அடியில் படியும். தானியத்தின் புரதமும், உமியிலும் ஹாப்ஸ் பூவிலும் இருந்து வந்த பாலிஃபீனால்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து மங்கலாகத் திரண்டு, பிறகு கீழே இறங்கும். கந்தக நெடி தணியும். 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் மைனஸ் 2 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும் என்பதால் பூஜ்யத்துக்குக் கீழே ஆசைப்பட வேண்டாம்.

இந்தக் குளிரை வருடம் முழுக்கக் கொடுத்தவர் மியூனிக் பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்ட. 1870-களில் அவர் வடிவமைத்த குளிர்விக்கும் இயந்திரம் அங்குள்ள ஸ்பாட்டன் ஆலையில்தான் சோதிக்கப்பட்டது. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் முன்னோர்களில் ஒன்று பீருக்காகப் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

இன்று அந்தக் குளிர் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கும் கிடைக்கிறது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி தரும் மத்தியச் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டார். அங்கே வீட்டில் காய்ச்சும் பலரது நிலவறை, ஐஸ்கிரீம் கடைகளில் காண்பது போன்ற, மேலே திறக்கும் ஒரு ஃப்ரீசர் பெட்டி. அதன் சொந்த தெர்மோஸ்டாட் மைனஸ் 18-ஐ நோக்கி ஓடும். ஆகவே வெளியே ஒரு தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, ஃப்ரீசரின் மின்சாரத்தை அதன் வழியாகக் கொடுக்கிறார்கள்.

எல்லாமே அந்தத் தெர்மோஸ்டாட்டின் சென்சார் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. காற்றில் தொங்கவிட்டால் அது காற்றைத்தான் அளக்கும்; நொதிக்கும் பீரோ தானே வெப்பம் விட்டு அதைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசரும் வீணாக ஓடும். சென்சாரைப் பாத்திரத்தின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஃபோம் வைத்து மூட வேண்டும். நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓடுவதற்குள் மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளி தேவை. குழாய்களுக்குள் அழுத்தம் சமமாகும் முன் கிளப்பினால் மோட்டார் திணறிச் சூடாகும். ஒயர் நுழைக்கப் பெட்டியின் பக்கச் சுவரில் துளை போடவே கூடாது. பெரும்பாலான பெட்டிகளில் குளிர்வாயுக் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகின்றன.

பீர் குளிரும்போது பாத்திரத்தின் மேலுள்ள வாயு சுருங்கி வெளிக்காற்றை உறிஞ்சும். அந்த ஆக்சிஜன் சுவையைக் கெடுக்கும். கரியமில வாயு நிரப்பிய பலூனைப் பொருத்தினால் அது தவிரும். இன்னொன்று உயிர் சார்ந்தது: நொதிக்கும்போது வெளியேறும் இந்தக் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பெட்டியின் அடியில் தேங்கும். திறந்தவுடன் தலையை உள்ளே விடாமல், முதலில் காற்றோட விட வேண்டும்.

தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சட்டம் இடம்தரும் நாடுகளில் இருக்கும் வாசகர்கள் முதல் பணத்தை தெர்மோஸ்டாட்டுக்கும் நல்ல சென்சாருக்கும் போடுங்கள். பளபளக்கும் எஃகுத் தொட்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.