வியாழனும் ஒரு பழைய படமும்

சுயதொழில் கடன், பிள்ளைகளின் படிப்பு, பதிவுப் பத்திரங்கள் பற்றித்தான் நான் வழமையாக எழுதுவது. இம்முறை வியாழன் என்னும் கோளைப் பற்றி எழுதப் போகிறேன். சாதகத்தில் குரு என்று வருகின்ற அதே வியாழன்தான். ஆனால் குருபலன் சொல்ல எனக்குத் தெரியாது.

2025 மாசியில், மாரி மழை ஓய்ந்து வானம் வெளித்திருந்த ஓர் இரவு. திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள அக்கா வீட்டின் மேல்தட்டில், அவரது மகன் தன்னுடைய ஐந்து அங்குலத் தொலைநோக்கியைப் பூட்டி வைத்திருந்தான். எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து நின்ற சிலரும் மேலே வந்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தோம். கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒரு ரூபாய்க் குற்றி போல வியாழன் நடுங்கிக்கொண்டிருந்தது. "இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"பொறுங்கோ சித்தி" என்று அவன் தொலைநோக்கியில் சிறிய கமரா ஒன்றைப் பொருத்தி இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தான். செக்கனுக்கு அறுபது படம் என்றால் மொத்தம் 7,200 படங்கள். அதற்கு மேல் எடுத்தால் பிழைத்துவிடும். ஏனென்றால் வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும்; அதன் முகத்திலுள்ள அடையாளங்கள் நகர்ந்து போய்விடும்.

நடுக்கத்துக்குக் காரணம் கோள் அல்ல, நமக்கும் அதற்கும் இடையிலுள்ள காற்று. ஆயினும் ஆயிரக்கணக்கான படங்களில் சில, காற்று ஒரு கணம் அடங்கியபோது விழுந்தவையாக இருக்கும். அவற்றைப் பொறுக்குவதற்குக் கணனியில் இலவச மென்பொருட்கள் உண்டு. ரெஜிஸ்டாக்ஸ், ஓட்டோஸ்டக்கெர்ட் என்ற இரண்டையும் நெதர்லாந்துக்காரர்களே செய்து உலகத்துக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். மருமகன் நல்ல படங்கள் ஆயிரத்தைத் தெரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி எடுத்தான்.

இது எனக்குப் புதிதாகப் படவில்லை. ஒரே நாளில் ஒரே ஊரில் நடந்ததை இருபது பெண்கள் தனித்தனியே சொல்ல நான் எழுதியிருக்கிறேன். ஒருவர் நேரத்தை மாற்றிச் சொல்வார், இன்னொருவர் வாகனத்தின் நிறத்தை மறந்திருப்பார். இருபதையும் சேர்த்து வாசித்தால் அவரவர் தடுமாற்றம் கரைந்து, எல்லோரும் கண்டது மட்டும் நிற்கும். படத்திலும் அப்படித்தான். புள்ளி புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுவதால், நூறு படங்களைச் சேர்க்கும்போது அது பத்திலொன்றாகக் குறைகிறது.

அதன் பிறகுதான் கூர்மையாக்கல். படத்தைப் பெரிய விபரம், சிறிய விபரம் எனப் பல அடுக்காகப் பிரித்து, வேண்டிய அடுக்கை மட்டும் எடுப்பாக்குவார்கள். மருமகன் மெல்ல மெல்லக் கூட்டினான். அந்த மங்கல் குற்றியில் இரண்டு பழுப்புப் பட்டைகள் எழும்பி வந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். பிலிப்பைன்ஸின் செபு நகரில் வசிக்கும் கிறிஸ்டோபர் கோ என்பவர் தளபாட வியாபாரி. 2006 பெப்ரவரியில் தன் வீட்டிலிருந்து பதினொரு அங்குலத் தொலைநோக்கியால் வியாழனை எடுத்தவர், அங்கே வெள்ளையாக இருந்த ஒரு பெரும் புயல் சிவந்துவிட்டதைக் கண்டு உலகத்துக்கு அறிவித்தார். செபு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பத்துப் பாகையில் உள்ளது, நமது திருகோணமலை எட்டரைப் பாகையில். இந்த இடங்களில் கோள்கள் உச்சிக்குக் கிட்ட ஏறுவதால், குறைந்தளவு காற்றினூடாகவே அவற்றைப் பார்க்கிறோம். பிரித்தானியாவின் பெயர்பெற்ற படப்பிடிப்பாளரான டேமியன் பீச், கோள்களை எடுப்பதற்காகப் பார்படோஸ் தீவுக்குப் பயணம் போயிருக்கிறார். நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது. ஆனால் அதே 2006இல் நாங்கள் அண்ணாந்து பார்த்ததெல்லாம் கிபிர் வருகிறதா என்றுதான்.

கணனியில் வந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் குழுவின் மூத்த தாய் ஒருவர் கேட்டார்: "தம்பி, வானத்தில கிடக்கிறதையே இப்பிடித் துலக்கிறாய். என்ர மூத்தவன்ர படத்தையும் துலக்கித் தர ஏலாதே?"

அவருடைய மகன் 1990இல் காணாமற்போனவர். இருந்த ஒரே பாஸ்போட் அளவுப் படம் 2004 சுனாமியில் பெட்டியோடு நனைந்து அழிந்தது. மிஞ்சியவை முறைப்பாடுகளோடு கொடுத்த போட்டோப் பிரதிகள். ஒரு கடையில் அதைப் புதிய செயலி ஒன்றில் போட்டுப் பளிச்சென்று கொடுத்திருந்தார்கள். தாய் அதைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார். "வடிவான பொடியன்தான். என்ர பிள்ளை இல்லை" என்றார்.

மருமகன் உண்மையைச் சொன்னான். "ஆச்சி, வியாழனுக்கு என்னட்ட ஆயிரம் படம் இருந்தது. ஒரு படத்தில இல்லாததைக் கணனி கண்டுபிடிக்காது. தானாக் கற்பனை பண்ணித்தான் போடும்." மனிதக் கண்ணும் அப்படிக் கற்பனை செய்ததுண்டு. 1877இல் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகள் கண்டார். பின்னால் வந்த லோவல் அவற்றை அங்குள்ளோர் வெட்டிய கால்வாய்கள் என்று வாதாடினார். 1965இல் மரினர் 4 விண்கலம் கிட்டப் போய் எடுத்த படங்களில் அப்படியொரு கால்வாயும் இல்லை.

"வேற பிரதி இருக்கா ஆச்சி?" என்று அவன் கேட்டான். இருந்தன. மூன்று வேறு காலங்களில் எடுத்தவை, மூன்றிலும் கறை வேறு வேறு இடத்தில். அடுத்த கிழமை மூன்றையும் ஸ்கேன் பண்ணிக் கோளைப் போலவே பொருத்தினான். கன்னத்துக்குக் குறுக்கே போன மடிப்புக் கோடு மறைந்தது. நெற்றி மயிரும் இடக்காதும் தெளிந்தன. கண்கள் மூன்றிலுமே கறுத்துப் போயிருந்ததால் அவை மட்டும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார் என்று நான்தான் ஆசைப்பட்டேன். அவன் கூட்டவில்லை.

உங்களிடமும் இப்படிப் பிரதிகள் இருந்தால், மங்கலானது என்று ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். மூலப்படத்தை லமினேற் பண்ணவும் கொடுக்க வேண்டாம். செயலியில் மாற்றிய முகத்தை விசாரணைக்குக் கொடுக்கும் கோவையில் வைக்காதீர்கள்.

அந்தத் தாய் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "காது தகப்பன்ர காது" என்றார். பிறகு, மகளுக்கும் அனுப்ப வேண்டுமாம், இரண்டு பிரதி கேட்டார்.